தடயச் சான்றில் வரும் தவறை எங்கே பிடிப்பது: நீதிமன்றத்திலா, ஆய்வகத்திலா?

குற்ற வழக்கில் தடயவியல் அறிக்கை வந்துவிட்டால் வழக்கு முக்கால்வாசி முடிந்தது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கண்ணால் கண்ட சாட்சி தடுமாறலாம், பிறழலாம், கைரேகையும் டி.என்.ஏ.வும் அப்படி இல்லை என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. செய்யாத குற்றத்துக்காகச் சிறையிலேயே செத்துப்போயிருக்கக்கூடிய பலரை டி.என்.ஏ. சோதனை வெளியே கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அவர்களில் பலரை உள்ளே தள்ளியதும் தடயவியல்தான். டி.என்.ஏ.வால் நிரபராதி என்று நிரூபிக்கப்பட்டவர்களின் பழைய விசாரணைப் பதிவுகளைப் படித்துப் பார்த்த ஓர் ஆய்வு அமெரிக்காவில் 2009-ல் வெளியானது. அரசுத் தரப்புத் தடய நிபுணர் சாட்சி சொன்ன 137 வழக்குகளில் 82 வழக்குகளில், அதாவது 60 சதவீதத்தில், அந்தச் சாட்சியம் அறிவியல் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டியிருந்தது.

தடயவியலை விட்டுவிட முடியாது. அதில் வரும் தவறை எந்த இடத்தில் பிடிப்பது என்பதை முடிவு செய்தாக வேண்டும். நிபுணரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணையில் பிடிக்கலாம். சான்று உள்ளே வருவதற்கு முன்பே நீதிபதி வடிகட்டலாம். சோதித்து நிரூபிக்கப்படாத முறைகளை மொத்தமாக நிறுத்தி வைக்கலாம். ஆய்வகத்துக்குள்ளேயே தவறு முளைக்காதபடி வேலைமுறையை மாற்றலாம். இவ்வளவையும் மீறித் தவறு நடந்துவிட்டால், தீர்ப்புக்குப் பிறகு வழக்கைத் திறக்க வழி வைக்கலாம்.

ஐந்தும் வேண்டும் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பணமும் ஆளும் நேரமும் எந்த நாட்டிலும் அளவோடுதான் இருக்கின்றன. முதலில் எதைச் செய்வது என்று யாராவது சொல்லியாக வேண்டும். என் கணிப்பில் முதல் இடம் ஆய்வகத்துக்கு. இரண்டாவது, தீர்ப்புக்குப் பிந்தைய வழிக்கு. நீதிமன்றக் கூடத்துக்குள் நடக்கும் சோதனைகள் அதற்கு அப்புறம்தான். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

எந்தத் தடயம் எவ்வளவு தாங்கும்?

அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமி சார்பில் 2009-ல் வந்த அறிக்கை இந்தத் துறையையே உலுக்கியது. டி.என்.ஏ. சோதனையைத் தவிர வேறு எந்தத் தடய முறையும், ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு மனிதரோடு மாறாத உறுதியுடன் இணைக்க வல்லது என்று கடுமையாகச் சோதித்து நிரூபிக்கப்படவில்லை என்று அது சொன்னது. 2016-ல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு இன்னும் நெருங்கிப் போய், ஒவ்வொரு முறைக்கும் தவறு விகிதம் என்ன என்று கேட்டது.

கைரேகை அந்தக் கேள்விக்கு ஓரளவு நன்றாகவே பதில் சொன்னது. 2011-ல் 169 கைரேகை நிபுணர்களை வைத்து நடத்திய சோதனையில், வேறு ஆளுடைய ரேகையை ‘இவருடையது’ என்று சொன்ன தவறு 0.1 சதவீதம்தான். உண்மையிலேயே பொருந்தும் ரேகையைப் பொருந்தவில்லை என்று ஒதுக்கிய தவறு 7.5 சதவீதம். ஆனால் எல்லாச் சோதனையிலும் நிலைமை இப்படி இல்லை. தவறான பொருத்தம் 306-க்கு ஒன்று வரை இருக்கலாம் என்று ஓர் ஆய்வை வைத்தும், 18-க்கு ஒன்று வரை இருக்கலாம் என்று இன்னொன்றை வைத்தும் 2016 குழு கணக்கிட்டது. நூறு ஆண்டுகளாக ‘தவறே வராது’ என்று நீதிமன்றங்களில் சொல்லப்பட்ட முறை இது.

துப்பாக்கித் தோட்டா ஒப்பீட்டுக்கு, சரியாக வடிவமைத்த சோதனை அன்றைய தேதியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடித் தடத்துக்கு அதுவும் இல்லை. தோலில் இருக்கும் காயம் மனிதப் பல் கடித்த தடம்தானா என்பதிலேயே நிபுணர்கள் ஒத்துப்போவதில்லை. 39 பல் தடயவியல் நிபுணர்களிடம் 100 படங்களைக் கொடுத்துப் பார்த்தபோது, 4 படங்களில்தான் எல்லோரும் ஒரே கருத்தைச் சொன்னார்கள். அடிப்படைக் கேள்விக்கே இந்த நிலை என்றால், ‘இது இன்னாருடைய பல்’ என்ற அடுத்த கட்டத்துக்கு எப்படிப் போவது?

சரி, டி.என்.ஏ. இருக்கிறதே என்று தோன்றும். ஒரே ஆளுடைய ரத்தம், போதுமான அளவு மாதிரி என்றால் அதைவிட உறுதியான முறை கிடையாது. ஆனால் கதவுப் பிடியிலோ துப்பாக்கிக் கைப்பிடியிலோ நாலைந்து பேரின் தோல் செல்கள் கலந்து கிடக்கும்போது கதை வேறு. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2013-ல் 108 ஆய்வகங்களுக்கு ஒரே கலப்பு மாதிரியின் தரவை அனுப்பியது. அந்தக் கலப்பில் இல்லவே இல்லாத ஒருவரை, இருக்கக்கூடியவர் என்று 74 ஆய்வகங்கள் சொல்லிவிட்டன. வேதியியலில் கோளாறு இல்லை. தரவைப் பார்த்து முடிவுக்கு வரும் கட்டத்தில்தான் தவறு.

யாருடைய டி.என்.ஏ. என்று சரியாகவே கண்டுபிடித்தாலும், அது எப்படி அங்கே வந்தது என்று சோதனை சொல்லாது. 2012-ல் கலிபோர்னியாவில் கொலையுண்ட ஒருவரின் விரல் நகத்தில் ஒரு மனிதரின் டி.என்.ஏ. கிடைத்தது. அந்த மனிதரோ கொலை நடந்த நேரத்தில் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தார். அவரை அன்று மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸ் பணியாளர்களே சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். செல்கள் அவர்கள் வழியாக இடம் மாறியிருக்கின்றன. மருத்துவமனைப் பதிவு இல்லாதிருந்தால் அவர் மரண தண்டனையைச் சந்தித்திருக்கவும் கூடும். ஜெர்மனியில் இதைவிடப் பெரிய குழப்பம். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைக்க, ஆண்டுக்கணக்கில் ஒரு தொடர் குற்றவாளியைத் தேடினார்கள். 2009-ல்தான் தெரிந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த பெண்ணின் டி.என்.ஏ. அது.

அப்புறம் எண்களின் பிரச்சினை. ‘இந்த மரபணு அமைப்பு பத்து லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும்’ என்று நிபுணர் சொன்னால், ‘இவர் நிரபராதியாக இருக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்’ என்று கேட்பவர் மனதில் பதிகிறது. இரண்டும் ஒன்றே அல்ல. ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தில் அந்த அமைப்பு சுமார் பத்துப் பேருக்கு இருக்கும். வேறு எந்தச் சான்றும் இல்லாமல், தரவுத்தளத்தில் தேடி மட்டும் ஒருவரைப் பிடித்திருந்தால், அவர் அந்தப் பத்தில் ஒருவர். அவ்வளவுதான்.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம், முறை நல்லதா கெட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது என்பதுதான். நல்ல முறையிலும் தவறு நுழைய மூன்று வாசல்கள் இருக்கின்றன: மாதிரி எடுப்பது, அதைப் பார்த்து முடிவு செய்வது, அந்த முடிவை எழுதுவது. எந்தக் காவல் இந்த மூன்றையும் பார்க்கிறது என்பதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

குறுக்கு விசாரணையை நம்பலாமா?

வழக்கறிஞர்கள் பலருக்கு இதுதான் பிடித்த வழி. நிபுணர் கூண்டில் ஏறட்டும், கேள்வி கேட்போம், பலவீனம் வெளிப்படும். இதற்குப் புதிதாக அமைப்பு எதுவும் வேண்டாம். எல்லாம் பகிரங்கமாக நடக்கும். 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆய்வக அறிக்கையை மட்டும் தாக்கல் செய்தால் போதாது, அதை எழுதியவர் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும் என்று மாசசூசெட்ஸ் போதைப்பொருள் வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு.

ஆனால் விசாரணை நடந்தால்தானே குறுக்கு விசாரணை? அமெரிக்காவில் தண்டனைகளில் 90 சதவீதத்துக்கு மேல், குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறும் உடன்பாட்டில் முடிகின்றன. டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டியில், சாலையோரத்தில் போலீஸ் செய்த நிறம் மாறும் சோதனையை வைத்தே பலர் போதைப்பொருள் வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார்கள். பிறகு ஆய்வகத்தில் சோதித்தபோது அவர்களிடம் இருந்தது போதைப்பொருளே இல்லை. அந்தச் சோதனையில் கொக்கைனுக்கு நீலமாக மாறும் ரசாயனம், வேறு பல பொருள்களுக்கும் நீலமாக மாறும். இதைக் கேட்க வழக்கறிஞருக்கு வாய்ப்பே வரவில்லை.

விசாரணை நடந்தாலும் சிக்கல்தான். நிபுணரை மடக்க இன்னொரு நிபுணர் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். மேலே சொன்ன 137 வழக்குகளின் ஆய்விலேயே, தவறான சாட்சியத்தை எதிர்த்தரப்பு கேள்வி கேட்டது அரிது, சொந்த நிபுணரைக் கொண்டுவந்தது அதைவிட அரிது என்று பதிவாகியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஏழையாக இருந்தால் குறுக்கு விசாரணை என்ற காவல் காகிதத்தில்தான் இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இதை முதல் காவலாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீதிபதி வடிகட்டினால்?

1923-ல் வாஷிங்டனில், பொய் கண்டறியும் கருவியின் முன்னோடி ஒன்றைச் சான்றாக ஏற்கலாமா என்ற வழக்கில், அந்தத் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட முறையாக இருந்தால்தான் உள்ளே விடலாம் என்று தீர்ப்பு வந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘அந்தத் துறை’ யார்? கடித் தட நிபுணர்களிடம் கேட்டால் கடித் தடம் பொதுவாக ஏற்கப்பட்டதுதான்.

அதனால் 1993-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேலையை நீதிபதியிடம் கொடுத்தது. முறையைச் சோதித்துப் பார்க்க முடியுமா, சோதித்திருக்கிறார்களா, மற்ற அறிஞர்கள் பரிசீலித்திருக்கிறார்களா, தவறு விகிதம் தெரியுமா, வரையறுத்த நடைமுறை உண்டா என்று நீதிபதி கேட்க வேண்டும். 1999-ல் அறிவியல் அல்லாத தொழில்நுட்ப நிபுணர்களுக்கும் இது நீட்டிக்கப்பட்டது.

இந்தக் கேள்விகளில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இவற்றைக் கேட்டுவிட்டு என்ன செய்தார்கள் என்பதில்தான் குறை. நிறுவனங்கள் நஷ்டஈட்டுக்கு மோதும் சிவில் வழக்குகளில் நீதிபதிகள் கறாராக இருந்தார்கள். குற்ற வழக்குகளில் அரசுத் தரப்புத் தடயச் சான்று வரும்போது, முன்பு இன்ன நீதிமன்றம் ஏற்றது என்று ஏற்றுக்கொண்டே போனார்கள். 1975-ல் கலிபோர்னியாவில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கடித் தடத்தை ஏற்றது; அந்த ஒரு தீர்ப்பைக் காட்டி அடுத்தடுத்த நீதிமன்றங்கள் ஏற்றன. ஒரு முன்தீர்ப்பு இன்னொன்றைத் தாங்கிற்று. கீழே அறிவியல் இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. நீதிமன்றப் பரிசீலனை மட்டும் இந்தத் துறையின் குறையைக் குணப்படுத்தாது என்று 2009 அறிக்கை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

நீதிபதி வடிகட்டுவது முறையைத்தான் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கைரேகை என்ற முறை தேறிவிட்டால், இந்த வழக்கில், இந்த மங்கலான ரேகையில், இந்த நிபுணர் எப்படி முடிவுக்கு வந்தார் என்பது வடிகட்டியில் சிக்காது.

மொத்தமாகத் தடை?

இது வேலை செய்யும் என்பதற்கு உதாரணம் உண்டு. தோட்டாவில் இருக்கும் ஈயத்தின் கலவையை வைத்து, இது இன்ன பெட்டித் தோட்டா என்று எஃப்.பி.ஐ. பல ஆண்டுகள் சாட்சி சொன்னது. தேசிய ஆராய்ச்சிக் குழு 2004-ல் அந்த முடிவுக்கு அடிப்படை போதாது என்று காட்டியதும், 2005-ல் எஃப்.பி.ஐ.யே அந்தச் சோதனையை நிறுத்திவிட்டது. டெக்சாஸ் தடய அறிவியல் ஆணையம் 2016-ல் கடித் தட ஒப்பீட்டை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது.

அடித்தளமே இல்லாத முறைக்குத் தடைதான் சரி, தயங்கவே வேண்டாம். ஆனால் பெரும்பாலான தடயங்கள் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கின்றன. முழுக்கத் தடுத்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நஷ்டம். ‘இவருடைய முடி இல்லை’, ‘இந்தத் துப்பாக்கி இல்லை’ என்று ஒருவரை விலக்குவதற்கு அதே முறைகள் பயன்படுகின்றன. கடித்த இடத்தின் வடிவம் பயனற்றது. அங்கே படிந்த எச்சில் பொக்கிஷம். அரிசோனாவில் கடித் தடத்தை நம்பி 1992-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டவரை 2002-ல் விடுவித்தது, கொலையுண்டவரின் உடையில் இருந்த எச்சிலின் டி.என்.ஏ.தான்.

ஆய்வக மேசையில் என்ன நடக்கிறது?

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தது. வெடிப்பான்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகையின் படத்தை ஸ்பெயின் போலீஸ் எஃப்.பி.ஐ.க்கு அனுப்பியது. கணினி தரவுத்தளத்தில் தேடி 20 பேரைக் காட்டியது. அவர்களில் ஒருவர் ஓரிகான் மாநிலத்து வழக்கறிஞர். ஒரு நிபுணர் அவருடைய ரேகைதான் என்றார். இரண்டாவது நிபுணரும் மூன்றாவது நிபுணரும் சரிபார்த்து அதையே சொன்னார்கள். ஸ்பெயின் போலீஸ் ஏப்ரலிலேயே பொருந்தவில்லை என்று எழுதியும் எஃப்.பி.ஐ. அசையவில்லை. மே 6 அன்று அவரைப் பிடித்தார்கள். நீதிமன்றம், கைதானவர் தரப்பின் சம்மதத்தோடு ஒரு வெளி நிபுணரை நியமித்தது. அவரும் பொருந்துகிறது என்றே சொன்னார். அதே நேரத்தில் ஸ்பெயின் போலீஸ் அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று கண்டுபிடித்துவிட்டது. வழக்கறிஞர் விடுதலையானார், எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது, 2006-ல் 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கப்பட்டது.

நான்கு நிபுணர்களும் ஒரே தவறைச் செய்தது எப்படி? நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் விசாரித்து எழுதிய அறிக்கையில் பதில் இருக்கிறது. ரேகை ஒப்பீடு என்றால், கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று ஒவ்வொரு புள்ளியாகக் குறித்துக்கொண்டு போவது. சம்பவ இடத்து ரேகை மங்கலாக, பாதி அழிந்து, நசுங்கி இருக்கும். சந்தேக நபரின் ரேகையோ தெளிவாக இருக்கும். முதலில் மங்கலானதை மட்டும் பார்த்துப் புள்ளிகளைக் குறிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தெளிவானதை எடுக்க வேண்டும். இந்த வழக்கில் தெளிவான ரேகையைப் பார்த்துவிட்டு, அங்கே இருக்கும் புள்ளி மங்கலானதிலும் இருக்கிறதா என்று திரும்பிப்போய்த் தேடியிருக்கிறார்கள். மங்கலில் தேடினால் கிடைக்காமல் போகுமா? கிடைத்தது. சரிபார்த்தவர்களுக்கு முதல் நிபுணர் என்ன சொன்னார் என்று முன்பே தெரியும். அவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, கற்றுக்குட்டிகளும் இல்லை.

இந்த வழக்கு விசாரணைக்குப் போயிருந்தால்? குறுக்கு விசாரணை தோற்றிருக்கும், ஏனென்றால் வெளி நிபுணரும் அதே கட்சி. நீதிபதியின் வடிகட்டி தோற்றிருக்கும், ஏனென்றால் கைரேகை ஏற்கப்பட்ட முறை. தடைக்கு இடமே இல்லை. இன்னொரு நாட்டுப் போலீஸ் தனியாகத் தேடிக்கொண்டிருந்ததால் ஒருவர் தப்பித்தார். அப்படி ஒரு தனித் தேடல் எத்தனை வழக்கில் நடக்கும்?

அறிதல் உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் செய்த சோதனை இதையே காட்டுகிறது. ஐந்து கைரேகை நிபுணர்களுக்கு, அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொன்ன ஒரு ஜோடி ரேகையைக் கொடுத்தார்கள். ஆனால் ‘எஃப்.பி.ஐ. மாட்ரிட் வழக்கில் தவறு செய்த ரேகை இது’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று பேர் பொருந்தவில்லை என்றார்கள். ஒருவர் முடிவு சொல்ல இயலாது என்றார். ஒருவர் மட்டுமே பழைய முடிவில் நின்றார். ரேகை மாறவில்லை, கூடவே வந்த கதைதான் மாறியது. 2011-ல் டி.என்.ஏ. கலப்பு ஒன்றை வைத்தும் பார்த்தார்கள். உண்மை வழக்கில், விவரம் தெரிந்த ஆய்வக நிபுணர்கள் சந்தேக நபரை விலக்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள். அதே தரவை வழக்கு விவரம் இல்லாமல் 17 நிபுணர்களிடம் கொடுத்தபோது அதை ஒப்புக்கொண்டவர் ஒருவரே. 12 பேர் அவரை விலக்கினார்கள்; 4 பேர் முடிவில்லை என்றார்கள்.

ஆகவே ஆய்வகத்தில் போட வேண்டிய முதல் காவல்: பார்ப்பவருக்குத் தேவையில்லாத தகவல் போகக் கூடாது. சந்தேக நபர் ஒப்புக்கொண்டுவிட்டார், பழைய குற்றவாளி என்றெல்லாம் ரேகை நிபுணருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எதைச் சோதிப்பது என்று முடிவு செய்ய யாருக்காவது விவரம் தெரிந்தாக வேண்டும் என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு விடை, அந்த வேலையை ஒரு வழக்கு மேலாளரிடம் கொடுப்பது. அவருக்கு எல்லாம் தெரியும். மேசையில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தடயம் மட்டும் போகும், முதலில் மங்கலானது, அப்புறம் தெளிவானது. சரிபார்க்கும் இரண்டாமவருக்கு முதல் முடிவு தெரியக் கூடாது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உறையில் என்ன எழுதுவது, யாரிடம் எந்த வரிசையில் கொடுப்பது என்ற ஒழுங்குதான் வேண்டும்.

இரண்டாவது, தெரியாமல் வைக்கும் சோதனை. ஆண்டுக்கு ஒருமுறை ‘இது தேர்வு’ என்று சொல்லிக் கொடுத்தால் எல்லோரும் கவனமாகச் செய்வார்கள். ஹூஸ்டன் நகரப் போலீஸ் ஆய்வகத்தின் டி.என்.ஏ. பிரிவு, அதன் வேலையில் இருந்த தவறுகள் வெளிப்பட்டு 2002-ல் மூடப்பட்டது. 2014-ல் ஆய்வகம் போலீஸிடமிருந்து பிரிந்து தனி வாரியத்தின் கீழ் வந்தது. 2015 முதல், விடை தெரிந்த போலி வழக்குகளைச் செய்து உண்மை வழக்குகளோடு கலந்து நிபுணர்களிடம் அனுப்புகிறார்கள். உங்கள் ஆய்வகத்தின் தவறு விகிதம் என்ன என்று கேட்டால், அப்படிப்பட்ட ஆய்வகத்தால்தான் பதில் சொல்ல முடியும். மாசசூசெட்ஸில் ஓர் ஆய்வாளர் சோதனை செய்யாமலேயே முடிவு எழுதிவந்தது 2012-ல் அம்பலமாகி, 2017-ல் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் ரத்தாயின. மற்றவர்களைவிட அவர் மிக அதிகமான மாதிரிகளை முடித்துக் கொடுத்தார். அதைத் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள். நடுவே விடை தெரிந்த நாலு மாதிரி போயிருந்தால் சீக்கிரமே பிடிபட்டிருப்பார்.

மூன்றாவது, அறிக்கையின் வாசகம். நுண்ணோக்கியில் இரண்டு முடியும் ஒன்றுபோலத் தெரிந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இவருடைய முடி’ என்று எழுதினால் அது தவறு. ‘இரண்டும் பிரித்தறிய முடியாதபடி இருக்கின்றன, இன்னும் எத்தனை பேரின் முடி இப்படி இருக்கும் என்று தெரியாது’ என்று எழுதினால் அது உண்மை. இந்த வித்தியாசத்தின் விலை என்ன என்பது 2015-ல் வெளிவந்தது. எஃப்.பி.ஐ.யின் முடி ஒப்பீட்டுச் சாட்சியங்களை மறுபரிசீலனை செய்தபோது, குற்றவாளி பக்கம் சுட்டிய 268 விசாரணைகளில் 257-ல் நிபுணர் அறிவியலைத் தாண்டிப் பேசியிருந்தார். மரண தண்டனை பெற்ற 35 பேரில் 33 பேரின் வழக்கில் அந்தத் தவறு இருந்தது. அவர்களில் 9 பேருக்கு அதற்குள் தண்டனை நிறைவேற்றப்பட்டிருந்தது. இவர்கள் எல்லோருமே நிரபராதிகள் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களுக்கு எதிராகச் சொல்லப்பட்டதில் ஒரு பகுதி சொல்லவே கூடாதது என்று பொருள்.

ஐரோப்பியத் தடயவியல் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு ஒரு நல்ல வழி சொல்கிறது. ‘இவர்தான் செய்தார்’ என்பதற்குப் பதிலாக, இவர் செய்திருந்தால் இந்தத் தடயம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு, வேறொருவர் செய்திருந்தால் எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டையும் வைத்து நிபுணர் எழுத வேண்டும். எதிர்த்தரப்பின் கதையையும் யோசித்தே தீர வேண்டிய கட்டாயம் அதில் வருகிறது.

ஆய்வகம் போலீஸிடமிருந்து பிரிய வேண்டுமா? வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் பிரித்தால் மட்டும் போதாது. இங்கிலாந்து தன் அரசுத் தடய அறிவியல் சேவையை 2012-ல் மூடி வேலையைச் சந்தைக்கு விட்டது. 2017-ல் மான்செஸ்டரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் தரவு திருத்தப்பட்டது தெரிந்து, 10,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை மீண்டும் பார்க்க வேண்டியிருந்தது. 2021-ல்தான் தடய அறிவியல் ஒழுங்காளருக்குச் சட்டப்படி அதிகாரம் வந்தது. சுதந்திரம், நிலையான நிதி, தட்டிக்கேட்கும் அதிகாரி என்று மூன்றும் சேர்ந்துதான் வர வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகு

ஆய்வகத்தை எவ்வளவு செப்பனிட்டாலும், இன்று சரி என்று நம்பும் அறிவியல் நாளை மாறும். தீ விபத்து விசாரணையே இதற்குச் சாட்சி. கண்ணாடியில் சிலந்திவலைபோல விரிசல் இருந்தால் பெட்ரோல் போன்றதை ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள் என்று நெடுங்காலம் நம்பினார்கள். சூடான கண்ணாடியில் தீயணைப்பு வீரர்கள் பீய்ச்சும் தண்ணீர் பட்டாலே அப்படி விரிசல் விடும் என்று சோதனைகள் காட்டின. அறை முழுவதும் ஒரே நேரத்தில் தீப்பிடிக்கும் கட்டத்தைத் தாண்டினால், எதையும் ஊற்றாமலேயே தரையில் ஊற்றியதுபோன்ற கருகல் தடங்கள் உண்டாகும் என்பதும் தெரியவந்தது.

1991 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பழைய அடையாளங்களை வைத்து, தீ வைத்தது தந்தைதான் என்று 1992-ல் மரண தண்டனை விதித்தார்கள். அதே ஆண்டில்தான் தீ விசாரணையை அறிவியல்படி நடத்தச் சொல்லும் புதிய வழிகாட்டி வெளியானது. 2004-ல் தண்டனையை நிறைவேற்றுவதற்குச் சில நாள் முன்பு ஒரு தீ நிபுணர், அந்த அடையாளங்கள் எதுவும் நிற்காது என்று எழுதி அனுப்பினார். அதைக் கேட்டு நிறுத்த எந்த வழியும் திறக்கவில்லை. 2009-ல் மாநில ஆணையம் அமர்த்திய நிபுணரும், தீ வைக்கப்பட்டது என்ற முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றே எழுதினார்.

அதே டெக்சாஸ்தான் 2013-ல், தண்டனைக்கு அடிப்படையான அறிவியல் பின்னர் பொய்த்துவிட்டால் மீண்டும் நீதிமன்றத்தை அணுகலாம் என்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. கால வரம்பு முடிந்தது, அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று கதவைச் சாத்த முடியாது. இந்தச் சட்டத்தை எந்த நாடும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தாளில் அடங்கும் திருத்தம்; புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம். அதனால்தான் இதை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன்.

வரிசையாகச் சொன்னால், முதல் ஆண்டிலேயே செய்யக்கூடியவை மூன்று: நிபுணருக்குப் போகும் தகவலை வடிகட்டுவது, இரண்டாம் நிபுணரைத் தனியாகப் பார்க்க வைப்பது, அறிக்கை வாசகத்துக்கு வரம்பு கட்டுவது. கூடவே வழக்கைத் திறக்கும் சட்டம். அடுத்து, தெரியாமல் வைக்கும் சோதனையும் ஆய்வகப் பிரிப்பும். இவற்றுக்குப் பணம் பிடிக்கும், காலமும் ஆகும். கடித் தடம் போன்றவற்றுக்குத் தடை நாளைக்கே வரலாம். நீதிபதிகளுக்குப் பயிற்சி, ஏழைகளுக்கு அரசு செலவில் நிபுணர் ஆகியவையும் தேவையே. ஆனால் ஆய்வகம் தன் குறிப்புகளையும் தவறு விகிதத்தையும் இரண்டு தரப்புக்கும் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், வழக்கறிஞருக்குக் கேட்கக் கேள்வியும் நீதிபதிக்கு வடிகட்டச் சரக்கும் கிடைக்கும்.

இதோடு ஒரு நிபந்தனையையும் சட்டத்தில் எழுதியாக வேண்டும். தண்டனைக் காலம் முடியும்வரை அசல் மாதிரியில் ஒரு பகுதியைச் செலவழிக்காமல் பாதுகாக்க வேண்டும். அழித்தால் யார் பொறுப்பு என்றும் அதிலேயே சொல்லிவிட வேண்டும். அரிசோனாக்காரரின் வழக்கில் அந்த உடை பத்து ஆண்டுகள் பத்திரமாக இருந்தது. இல்லாவிட்டால் சோதிக்க எதுவுமே இருந்திருக்காது.